எனாமல் காஸ்ட் அயர்ன் சட்டியில் விடாப்பிடி கறையா? கம்பி நாரைத் தொடாதீங்க!

ஆசை ஆசையாக அதிக விலை கொடுத்து வாங்கிய எனாமல் காஸ்ட் அயர்ன் சட்டி, சில மாதங்களிலேயே உள்ளே பழுப்பேறிக் கிடக்கிறதா? உடனே கம்பி நாரைத் தேடாதீங்க. கறை போவதற்கு முன்னாடி பளபளப்பு போய்விடும்!

எனாமல் என்றால் என்ன?

எனாமல் என்பது பெயிண்ட் கிடையாது. கண்ணாடித் தூளை வார்ப்பிரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கும் படலம். அதனால்தான் புளிக்குழம்பு வைத்தாலும் இரும்பு பட்டுக் கறுப்பதில்லை. சாதாரண தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கண்ணாடி என்பதால் கீறல் விழும், விரிசலும் விடும்.

சுத்தம் செய்வது எப்படி?

1. சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீங்க. திடீர் வெப்ப மாற்றத்தில் எனாமல் வெடிக்கும். தானாக ஆறட்டும்.

2. கறை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கலந்து, மிதமான தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். நுரைத்து வரும், பக்கத்திலேயே இருங்கள். மரக்கரண்டியால் மெதுவாக வழித்தால் அடிப்பிடித்தது பெயர்ந்து வரும்.

3. மிச்சக் கறை இருந்தால், ஆறிய பிறகு சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்து மென்மையான ஸ்பான்ஜால் தேயுங்கள்.

4. மஞ்சள்தூள் கறையா? கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறமியான குர்குமின் வெளிச்சம் பட்டால் வெளுக்கும்.

5. விளிம்பில் எனாமல் இல்லாமல் இரும்பு தெரிந்தால் ஈரமில்லாமல் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். துருப்பிடிக்காது.

இதைச் செய்யவே கூடாது!

சோடாவோடு வினிகரைக் கலந்தால் நுரை வரும், அவ்வளவுதான். ஒன்றையொன்று முறித்துவிடுவதால் இரண்டின் வேலையும் கெடும். ப்ளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ கலந்தால் ஆபத்தே வந்துவிடும். விஷத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். காலி சட்டியை அதிக தீயில் காய வைப்பதும் வேண்டாம்.

எப்போது சமையலை நிறுத்த வேண்டும்?

லேசான பழுப்பு நிறம் மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் உள்பக்கம் எனாமல் சில்லு பெயர்ந்திருந்தால் அதில் சமைக்காதீங்க. அடுத்து பெயரும் கண்ணாடிச் சில்லு சாப்பாட்டில் கலக்கலாம். விலை கொடுத்து வாங்கியதாச்சே என்று யோசிக்காமல் ஓரங்கட்டி விடுவதே நல்லது.