நான்கு நிமிடக் கிலோமீட்டர்

1919-இல் புனேயின் டெக்கான் ஜிம்கானாவுக்குத் தலைவராக இருந்தவர் தோராப்ஜி டாடா. அங்கே நடந்த ஓட்டப் பந்தயங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தக்காண கிராமங்களின் உழவர் பிள்ளைகள். தடகள விதிகளை அவர்கள் அறியமாட்டார்கள். ஓடுதளம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கில்லை. சமன்படுத்தாத புல்தரைதான் இருந்தது. ஆனாலும் ஏறத்தாழ 25 மைல் தூரத்தை, ஜல்லி இறுக்கிய சாலையிலும் மண்பாதையிலுமாக, வெறுங்காலோடு ஓடி முடித்தார்கள். அவர்களில் சிலர் எடுத்துக்கொண்ட நேரம் ஐரோப்பிய வீரர்களின் நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்ததைக் கண்டு டாடா வியந்தார். அந்த வியப்பிலிருந்துதான் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு ஓர் இந்திய அணி கப்பலேறியது. 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அந்த அணியில் மாரத்தான் ஓடியவர்களில் ஒருவர் பெல்காமைச் சேர்ந்த ஃபதேப்பா சௌகுலே. 42.195 கி.மீ. என்ற அளவு அப்போது இன்னும் நிலைபெறவில்லை. 1921-இல்தான் அது விதியாயிற்று. ஆண்ட்வெர்ப்பில் போடப்பட்ட பாதை 42.75 கி.மீ., ஒலிம்பிக் மாரத்தான்களிலேயே மிக நீளமானது. சௌகுலே 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் முடித்து 19-ஆம் இடம் பெற்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம்.

இன்று புனேயில் வேலைக்குப் போய்க்கொண்டே மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களிடம் 'இலக்கு என்ன?' என்று கேட்டால், சற்றுத் தேறியவர்கள் 'சப்-ஃபோர்' என்பார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பது என்று பொருள்; கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. அதை எட்டியவரைச் சக ஓட்டக்காரர்கள் மரியாதையோடு பார்ப்பார்கள். அந்த மரியாதை நியாயமானது. ஆனாலும் இடையில் நூறாண்டு கடந்திருக்கிறது; கார்பன் தகடு பதித்த ஷூ வந்திருக்கிறது; விநாடிக்கு விநாடி நாடித்துடிப்பைச் சொல்லும் கடிகாரம் வந்திருக்கிறது. இவை அனைத்தையும் கூட்டினாலும், நம்மில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் சௌகுலேக்கு வெகுதூரம் பின்னால்தான் ஓடிவருவோம்.

உடம்பில் நாம் குறைந்துவிடவில்லை, வாழ்க்கைதான் வேறாகிவிட்டது. அன்றைய ஓட்டக்காரருக்கு வயலுக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் கால்நடையாகத்தான். மாரத்தானுக்கு வேண்டிய அடித்தளத்தில் பாதி, அவர் ஓட நினைக்கும் முன்பே காலில் ஏறியிருந்தது. இன்றைய ஓட்டக்காரர் ஹிஞ்சவடியிலோ மகர்பட்டாவிலோ மென்பொருள் அலுவலகத்தில் நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவர். இழந்த நடையை அவர் ஒரு கால அட்டவணையின் உதவியோடு மீட்டாக வேண்டும். பதினாறு முதல் இருபது வாரப் பயிற்சி. வாரத்தில் நான்கைந்து ஓட்டம். ஞாயிறு ஒரு 'லாங் ரன்'. அது 14 கி.மீ.யில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 30, 32 கி.மீ. வரை போகும். பிறகு 'டேப்பர்': தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேறவிடும் வாரங்கள். டிசம்பர் பந்தயத்துக்கு என்றால் ஆகஸ்ட் மழையிலேயே தொடங்கியாக வேண்டும்.

32 கி.மீ. என்ற எல்லைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன், சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். ஓடுவதற்கு ஆகும் செலவோ, உடல் எடையின் ஒரு கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானில் 2,700 கலோரிக்கு மேல் ஆகும். சேமிப்பு தீரும் இடம் முப்பதைத் தாண்டித்தான் வருகிறது. அங்கே கால் சட்டென்று கனத்துப்போவதைத்தான் ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்கிறார்கள். மெதுவாக நெடுந்தூரம் ஓடிப் பழகினால் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எரிக்கக் கற்றுக்கொள்கிறது. சேமிப்பு சற்று நீடிக்கிறது.

இந்த 'மெதுவாக' என்ற பாடம்தான் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ராஸ்தா பேட்டையில் வசிக்கும் ஓர் அம்மா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பது வயதுக்குப் பிறகு ஓட வந்தவர். வேதாள் டேக்டிக் குன்றின் ஏற்றத்தில் நான் மூச்சிரைக்க முந்திப்போனபோது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, ஓடும்போது ஒரு வாக்கியம் முழுசாப் பேச வரணும். வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." கடிகாரம் சொல்வதையே அவர் மூச்சைக் கொண்டு சொன்னார். உச்சியிலுள்ள வேதாளர் கோயிலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, நான் இன்னும் முழங்காலில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். அவரோ பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவரைப் போன்ற ஒருவர் மாரத்தான் பாதையில் நிற்பதைத்தான் இந்த நூறாண்டின் பெரிய ஆதாயமாக எண்ணுகிறேன். புனே சர்வதேச மாரத்தானை சுரேஷ் கல்மாடி 1983-இல் தொடங்கினார். ஒலிம்பிக்கில் அதுவரை பெண்களுக்கு மாரத்தான் கிடையாது. அடுத்த ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸில்தான் வந்தது. அந்த நாட்களில் முழுத் தூரத்துக்குப் பெயர் கொடுப்பவர் பெரும்பாலும் ராணுவத்தினர், காவல்துறையினர், கல்லூரி வீரர்கள். ஊர்மக்கள் சாலையோரம் நின்று பார்த்தார்கள். எத்தியோப்பியர், கென்யர் என்று வெளிநாட்டினர் ஓடிவரும் டிசம்பர் ஞாயிறு, புனேக்கு ஒரு திருவிழா.

2004-இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு காற்று திரும்பியது. ஜெயிக்க வேண்டியதில்லை, முடித்தால் போதும் என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்தது. இன்று விடியும் முன்பே கிளம்பும் கூட்டத்தில் மென்பொருள்காரர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, தாத்தா, பாட்டி எல்லோரும் உண்டு. முதலிடத்தை யார் பிடித்தார் என்பது அவர்களில் பலருக்கு மறுநாள் நாளிதழ் பார்த்தால்தான் தெரியும். தம் நேரம் மட்டும் விநாடி சுத்தமாகத் தெரியும். பாதையோரம் ஆள் குறைந்துவிட்டது. முன்பு வேடிக்கை பார்த்த வீடுகளின் அடுத்த தலைமுறை பாதையில் இறங்கிவிட்டது; இறங்காதவர்கள் சாலை அடைப்பில் சிக்கிச் சலித்துக்கொள்கிறார்கள். 35-ஆவது கிலோமீட்டரில் யாரோ முன்பின் அறியாதவர் நம் நெஞ்சிலுள்ள சீட்டில் பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கைதட்டும்போது கிடைக்கும் தெம்பை எந்த எனர்ஜி ஜெல்லும் தருவதில்லை. அது குறைந்துபோனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பொருட்களைப் பொறுத்தவரை எனக்கு அந்த வருத்தம் இல்லை. 1983 வாக்கில் கான்வாஸ் ஷூ, இன்று 40 மி.மீ. வரை தடித்த நுரை அடிப்பாகம். அன்று எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், இன்று பொட்டலத்தில் எலக்ட்ரால், ஜெல். உப்பும் சர்க்கரையும்தான் இரண்டிலும் வேலை செய்கின்றன. சிங்ககட் கோட்டை ஏறி ஓடிவிட்டு அங்கே பிட்லாவும் பாக்ரியும் சாப்பிட்டு, சிறு மண்சட்டியில் உறைந்த தயிரை வழித்துத் தின்னும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பாதைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. 2018-லேயே பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. பகலில் சாலையில் ஓடுவது புகையைக் குடிப்பதற்குச் சமம் என்பதால் ஓட்டக்காரர்கள் நான்கரை, ஐந்து மணிக்கு எழுகிறார்கள். எஞ்சியிருப்பவை குன்றுகள்: பார்வதி, தல்ஜாய், ஹனுமான் டேக்டி, எல்லாவற்றிலும் உயரமாக, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டரில் வேதாள் டேக்டி. மண்ணில் ஓடினால் முழங்கால் தாங்கும். ஏற்றத்தில் ஓடினால் தொடை வலுக்கும். மேலே மயில் அகவும். சௌகுலே காலத்து ஓட்டக்காரருக்கு எங்கும் கிடைத்த மண்பாதை, இன்று நகருக்குள் இந்தச் சில குன்றுகளில்தான் கிடைக்கிறது.

அவற்றின் ஊடாகவும் சாலையும் சுரங்கப்பாதையும் போடத் திட்டங்கள் வந்தன. 2023 ஏப்ரலில் வேதாள் டேக்டியைக் காக்க வேண்டி மக்கள் ஊர்வலம் போனார்கள். காலை நடை போகிறவர்களும் பறவை பார்க்கிறவர்களும் ஓடுகிறவர்களும் அந்தக் குன்றுக்காகப் பேசினார்கள். குன்றின் அடியில் நிலத்தடி நீர் எப்படித் தேங்குகிறது, பழைய கல்குவாரி எப்படிக் குட்டையாயிற்று என்பதையெல்லாம் ஓட்டக்காரர்கள் இப்போது தெரிந்து வைத்திருக்கிறார்கள். பந்தயத் தேதியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மாநகராட்சி ஆட்சேபனைக்குத் தந்த கெடு எப்போது முடிகிறது என்றும் யாராவது கேட்கிறார்கள்.