கொடிக்கால் நாய்க்குக் காய்ச்சல்

"அண்ணாச்சி, செவலை ரெண்டு நாளா சோறு திங்க மாட்டேங்கு" என்று கொடிக்காலில் வேலை பார்க்கும் தம்பி வந்து சொன்னான். போய்ப் பார்த்தேன். வாய்க்கால் வரப்பில் தலையைக் கால்மேல் வைத்துப் படுத்திருந்தது. மூக்கைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. "மூக்கு ஈரமாத்தான இருக்கு, ஒண்ணுமில்ல, வெயிலுக்கு அப்படித்தான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக் கட்டுகளை எண்ணப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் அதே வரப்பில் செவலை செத்துக் கிடந்தது.

அதற்கு முந்தின நாள்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். அவர் மூக்கைத் தொடவே இல்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பிறகு காதுமடலைத் திருப்பினார். உள்ளே ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நான்கு வருடம் எங்கள் கொடிக்காலைக் காத்த நாயின் காதை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பது காய்ச்சலுக்கு அடையாளமே அல்ல. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்திருக்கும். கடும் காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கு ஈரமாகவும் இருக்கும். உடம்பைத் தொட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. நமக்கு 98.6 டிகிரி என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. நல்ல ஆரோக்கியத்தில் உள்ள நாயும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.

தெர்மாமீட்டர் ஒன்றுதான் வழி. மருந்துக் கடையில் கிடைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ள, ஆசனவாயில் ஓர் அங்குலம் மெதுவாகச் செலுத்தி, சத்தம் வரும்வரை பொறுக்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். 104 என்றால் அன்றைக்கே டாக்டர். 106 என்றால் உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுமதியத்தில் உப்பளத்துப் பாதையில் ஓடிவந்த நாய்க்கும் 104 காட்டும். நாய்க்கு உள்ளங்கால் தவிர வேறெங்கும் பெரிதாக வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. புன்னைக்காயல் பக்கமிருந்து வரும் கடற்காற்றில் ஈரம் அதிகம், அதனால் இளைத்தாலும் சூடு சீக்கிரம் இறங்காது. நிழலில் அரைமணி நேரம் படுக்கவைத்து, தண்ணீர் காட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இறங்கினால் அது வெயில். இறங்காமல் தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ, சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.  

எங்கள் பக்கத்து நாய்களுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணியைத்தான். இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1910-ல் பேட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைச் சங்கத்து நாய்களின் ரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள் புகுந்திருந்த ஒரு நுண்ணுயிரியைக் கண்டார். நம் குள்ளநரிகளின் ரத்தத்திலும் அதுவே இருந்தது. இன்று உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் பபீசியா கிப்சோனி என்று சொல்லும் கிருமி அதுதான். சென்னையில் அடையாளம் கண்ட நோயை நூறு வருடம் கழித்தும் நாம் "வெயில் சூடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பபீசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி எர்லிக்கியா, 1935-ல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போருக்கு அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியாயின. இது ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். மூக்கில் ரத்தம் வடிந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ இதை நினைக்க வேண்டும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்தால் சில நேரம் கிருமி தெரியும்.

நாய்க்கு நாமே மாத்திரை கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பாராசிட்டமால் நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். தட்டணு ஏற்கெனவே குறைந்த நாய்க்கு இவை உள்ளுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். எங்கள் கரையில் நாய்க்கு வைப்பது பெரும்பாலும் மீன்குழம்புச் சோறு. அதிலிருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய்ச்சல்கார நாய்க்குக் குழம்பு வேண்டாம். உப்பில்லாத கஞ்சியும் எலும்பில்லாமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

எர்லிக்கியாவுக்கு டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். கிருமி உள்ளே பதுங்கிக்கொள்ளும். மாதங்கள் கழித்து அது மறுபடி தலைகாட்டும்போது எலும்பு மஜ்ஜையே சோர்ந்திருக்கும், அப்போது காப்பாற்றுவது கடினம்.

மழைக்காலக் காய்ச்சல் வேறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஏரலும் ஆத்தூரும் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படித் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். நாய்க்குக் கண் மஞ்சளித்து வாந்தியும் இருந்தால், அதன் மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். மனிதர்களுக்கும் அது தொற்றும். குட்டிக்குக் காய்ச்சலோடு ரத்தபேதி என்றால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் திணறும் நாயின் வாயில் மட்டும் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம்.

உண்ணி நாயின் மேலேயே வாழ்வதில்லை. ரத்தம் குடித்து இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கூரை ஓலையிலும் புகுந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்தும் சாகாது. நாயை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? படுக்கிற சாக்கை எரித்து, சுவர் வெடிப்பைப் பூச வேண்டும். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் நெருப்பும் கூடாது. இப்போது உண்ணிக்கென்று விழுங்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

செவலை போன இடத்தில் இப்போது ஒரு கருப்புக் குட்டி நிற்கிறது. வாரம் ஒருமுறை அதன் காதைத் திருப்பி, விரலிடுக்கை விரித்து, ஈறைப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு நாயின் காதையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.