இரும்புக்குத் துணைநிற்கும் தாமிரம்

மாவைப் புளிக்கவைத்து ரொட்டியை உப்பச்செய்யும் ஈஸ்ட், ஒற்றைச் செல்லாலான பூஞ்சையாகும். அது வாழ இரும்பு வேண்டும். மிகுந்தாலோ, அதே இரும்பு செல்லைச் சிதைக்கும். காற்றுள்ள சூழலில் இரும்பு பெரும்பாலும் நீரில் எளிதில் கரையாத ஃபெர்ரிக் நிலையில் இருப்பது மற்றோர் இடர். ஆகவே, செல்லின் புறப்பரப்பிலுள்ள நொதிகள் முதலில் அதனை ஒடுக்கி, கரையக்கூடிய ஃபெர்ரஸ் அயனியாக மாற்றுகின்றன.

வியப்பு இதன் பின்னரே. செல் சவ்விலுள்ள ‘ஃபெட்3’ என்னும் புரதம் அந்த அயனியை மீண்டும் ஃபெர்ரிக் நிலைக்கு ஆக்சிஜனேற்றம் செய்து, அருகிலுள்ள கடத்திப் புரதத்திடம் ஒப்படைக்கிறது. கட்டியதைக் கலைத்து மீண்டும் கட்டும் வீண்வேலையாக இது தோன்றலாம். ஆனால், ஃபெட்3 கையளிக்கும் இரும்பையே கடத்தி ஏற்பதால், பிற உலோகங்கள் அவ்வழியே எளிதில் நுழைவதில்லை.

ஒவ்வொரு ஃபெட்3 மூலக்கூறும் 4 தாமிர அயனிகளைத் தாங்கியே செயற்படும். எனவே, இரும்பு அரிதாகக் கிடைக்கும் சூழலில் தாமிரமும் கிட்டாவிடில், இருக்கும் இரும்பையும் ஈஸ்டால் ஈர்க்க இயலாது. நம் குருதியிலுள்ள செருலோபிளாஸ்மின் என்னும் தாமிரப் புரதமும் இரும்பை இவ்வாறே ஆக்சிஜனேற்றம் செய்கிறது.

இரும்பு குறைந்தால், ‘ஆஃப்ட்1’ என்னும் புரதம் உட்கருவில் தங்கி, இரும்பை ஈர்க்கும் புரதங்களுக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. இரும்பு நிறைந்ததும் வெளியேறிவிடுகிறது. மிகுதியான இரும்பு வாக்குவோலில் சேமிக்கப்பட்டு, தட்டுப்பாட்டின்போது வெளியெடுக்கப்படுகிறது.