கட்டுவதற்குப் பணம் உண்டு, ஓட்டுவதற்கு?

தொழிற்சாலையில் இரவுவேலையை முடித்துக்கொண்டு, தை மாதத்துக் கடுங்குளிரில் பஸ் தரிப்பிடத்தில் கால் விறைக்க நின்றறியாத குடும்பத் தலைவரோ தலைவியோ எம்மிடையே அரிது. இந்நகரில் வந்திறங்கும் அகதி ஒருவருக்கு வழக்கு, வாடகை, வேலை ஆகிய மூன்றுக்கும் அடுத்த தேவை பிரயாண அட்டையே. சட்டத்தரணியிடம் செல்வதற்கும், பிரெஞ்சு வகுப்புக்குச் செல்வதற்கும், காய்ச்சலில் வாடும் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதற்கும் எமக்கு மெற்றோவும் பஸ்ஸுமே கதி. ஆகவே, பொதுப் போக்குவரத்துக்கு அரசுகள் வழங்கும் மானியம் எங்கே போகின்றது என்பது அரசியல்வாதிகள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் அன்று. அது எமது வீட்டு விடயமும் ஆகும்.

மெற்றோவின் நீலக்கோட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பகுதி 1986 யூனில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில்தான் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்கள் மீட்கப்பட்டனர். அவர்களுட் பலர் மொன்றியலை வந்தடைந்தனர். 1988 ஜனவரியில் கோற் டெ நேஜ் நிலையமும் திறக்கப்பட்டது. எம்மவர்கள் செறிந்து வாழ்ந்த பகுதிக்கு மெற்றோ வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஆரம்பகாலத்தில் நீலக்கோட்டின் சேவை ஏனைய கோடுகளின் சேவைக்கு முன்னதாகவே நின்றுவிடும். சுரங்கம் இருந்தது, நிலையமும் இருந்தது. பின்னிரவில் வண்டி மட்டும் இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டிலேயே முழு விடயமும் அடங்கியுள்ளது. போக்குவரத்துக்கு இருவகைச் செலவுகள் உள்ளன. சுரங்கம் வெட்டவும், தண்டவாளம் இடவும், வண்டி வாங்கவும் ஆகும் செலவு ஒன்று. சாரதிக்குச் சம்பளம் கொடுக்கவும், பழுது பார்க்கவும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டியை ஓட்டவும் ஆகும் செலவு மற்றையது. முன்னையது மூலதனச் செலவு, பின்னையது நடத்துசெலவு.

1992 வரை கியூபெக் அரசு நடத்துசெலவிலும் பங்கேற்று வந்தது. அவ்வாண்டு அப்போதைய மாநகர விவகார அமைச்சர் குளோட் றையன் கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி அந்த மானியம் நிறுத்தப்பட்டது. மூலதனச் செலவுக்கான மானியம் மாத்திரம் தொடர்ந்தது. ஈடாக, வாகனப் பதிவுடன் ஆண்டுக்கு 30 டொலர் அறவிடும் முறை வந்தது. பின்னர் பெற்றோல் வரியிலும் ஒரு சிறு பங்கு சேர்க்கப்பட்டது. எஞ்சிய சுமை பிரயாணக் கட்டணம் செலுத்துவோர் மீதும் நகரசபைகள் மீதும் விழுந்தது. பெருநகரப் பகுதியில் வாகனம் வைத்திருப்போரிடம் அறவிடப்படும் பெருநகர வரி 2025 ஜனவரியில் 59 டொலரிலிருந்து 150 டொலராக உயர்த்தப்பட்டதும் இதே பற்றாக்குறையின் தொடர்ச்சியே. பழைய கார் ஒன்றை வைத்து உணவு விநியோகம் செய்யும் எமது இளைஞனும் இதற்கு விலக்கல்லன்.

மறுபுறத்தில், புதியன கட்டுவதற்குப் பணம் தாராளமாகவே கிடைத்து வந்துள்ளது. ரெம் எனப்படும் சாரதியற்ற மின்ரயில் இதற்குச் சான்று. 67 கிலோமீற்றர் நீளமும் 26 நிலையங்களும் கொண்ட இத்திட்டம் 2016 இல் அறிவிக்கப்பட்டபோது 5.5 பில்லியன் டொலர் என்றார்கள். பின்னர் அது 8 பில்லியனைத் தாண்டியது. கியூபெக் அரசும், கனடிய உட்கட்டமைப்பு வங்கியும் தலா சுமார் 1.28 பில்லியன் டொலரை இதில் இட்டன. பெரும்பங்கை இட்டது கெஸ் எனப்படும் கியூபெக் முதலீட்டு நிதியம். எமது சம்பளத்திலிருந்து கியூபெக் ஓய்வூதியத் திட்டத்துக்காகக் கழிக்கப்படும் பணத்தை நிர்வகிப்பதும் இந்நிதியமே. தையல் ஆலையிலும் உணவகச் சமையலறையிலும் எம்மவர் உழைத்த காசும் அந்தப் பாதையில் கலந்திருக்கின்றது என்றால் அது மிகையன்று.

புரொசார் பாதை 2023 யூலை 31 இல் திறக்கப்பட்டது. டு மொன்ராஞ் பாதையில் ஓடிய பழைய புகையிரதம் 2020 டிசம்பருடன் முற்றாக நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 17 இலேயே அப்பாதையில் ரெம் ஓடத் தொடங்கியது. பயணம் விரைவானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ரெம்மில் பயணி ஒருவர் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பிராந்தியப் போக்குவரத்து அதிகாரசபை பணம் செலுத்த வேண்டும். மெற்றோவையும் பஸ்ஸையும் ஓட்டுவதற்கான பணமும் அதே பெட்டியிலிருந்துதான் வருகின்றது.

அந்தப் பெட்டி வற்றினால் என்ன நிகழும் என்பதை நாம் கண்டுவிட்டோம். முக்கிய வீதிகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்ற உறுதிமொழி 2010 இல் வழங்கப்பட்டது. 2023 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. 2024 இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஜெனவியேவ் கில்போ, பொதுப் போக்குவரத்தை நடத்துவது அரசின் பணி அன்று என்ற கருத்துப்படப் பேசினார். 2025 நவம்பரில் பராமரிப்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது மெற்றோவும் பஸ்ஸும் குறித்த சில மணிநேரங்களில் மாத்திரமே ஓடின. கார் உள்ளவர் சிரமப்பட்டார். கார் இல்லாதவர் ஒருநாட் சம்பளத்தை இழந்தார்.

புதிய திட்டங்கள் வேண்டா என்பது எமது வாதமன்று. சென் மிஷெலிலிருந்து அன்ஜூ வரை ஐந்து நிலையங்களுடன் நீலக்கோடு நீட்டப்படுகின்றது. அந்நிலையங்களுள் ஒன்று, ஹெயிற்றி மக்கள் 1803 இல் தமது விடுதலைப் போரில் வென்ற வேர்த்தியேர் களத்தின் பெயரைத் தாங்கவுள்ளது. இன்னொன்று, நெசவாலைத் தொழிலாளருக்காகப் போராடிய மடலென் பரோன் அம்மையாரின் பெயரைத் தாங்கவுள்ளது. எம்மைப் போன்றோர் வாழும் பகுதிகளுக்கு மெற்றோ வருவதை வரவேற்கின்றோம். ஆனால் மத்திய அரசு 2024 இல் அறிவித்த, ஆண்டுக்கு 3 பில்லியன் டொலர் கொண்ட பொதுப் போக்குவரத்து நிதியமும் கட்டுமானத்தையே நோக்கியது. நாடா வெட்டித் திறப்பதற்கு ஒரு நிலையம் கிடைக்கும். நள்ளிரவு பஸ்ஸுக்கு எவரும் நாடா வெட்டுவதில்லை.

நடத்துசெலவுக்கு மானியம் வழங்குவது இயலாத காரியமா? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் இலவசமாகப் பயணம் செய்கின்றனர். அதற்கான தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே 2023 யூலை 1 முதல், மொன்றியல் நகரில் வசிக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மெற்றோவும் பஸ்ஸும் இலவசம். வதிவிடச் சான்றுடன், நிழற்படம் பொறித்த ஒப்பஸ் அட்டை பெற்றிருந்தாற் போதும். இதனை அறியாது இன்னும் கட்டணம் செலுத்திவரும் பெற்றோர் எம்மிடையே இருப்பின், பிள்ளைகள் உடனே கவனிப்பார்களாக.

வாக்குரிமை இன்னும் கிட்டாத பலர் எம்மிடையே உள்ளனர். எனினும் மொன்றியல் போக்குவரத்துக் கழகத்தின் நிர்வாகசபைக் கூட்டங்களிலும், பகுதி நகரசபைக் கூட்டங்களிலும் பொதுமக்கள் கேள்வி கேட்பதற்கென நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. எமது சங்கங்களும் ஆலயங்களும் பிரெஞ்சு நன்கறிந்த இளையோர் ஒருவரையேனும் அங்கு அனுப்ப வேண்டும். எந்த வீதியில், எத்தனை மணிக்கு, எந்த பஸ் வராமையால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதைக் குறித்து வைத்துக் கேட்க வேண்டும். பில்லியன் கணக்கில் சுரங்கம் வெட்டுவோர், பனியில் நிற்பவரையும் கணக்கில் எடுக்கட்டும்.