பழைய கணினிக்கு விடைகொடுக்கும் முன்

விழிஞ்ஞத்தைச் சுற்றி வருவோர் ஒரே நாளில் பல நூற்றாண்டுகளைக் கண்டுவிடலாம். ஆய் மன்னர்கள் ஆண்ட ஊர் இது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயில் ஒருபுறம். 1972இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கம் ஒருபுறம். படகுகள் நெருங்கி நிற்கும் மீன்பிடித் துறைமுகம் நடுவே. அதற்கப்பால், 2024 ஜூலையில் முதல் சரக்குப் பெட்டகக் கப்பலை வரவேற்று, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம்.

இவ்வூர்க் கடலோரத்தில் பணி முடித்து ஓய்ந்த ஓர் இயந்திரமும் உண்டு. இந்தியாவின் முதல் கடலலை மின்நிலையம் 1991இல் இங்குதான் இயங்கத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வில் உருவான அதன் திறன் 150 கிலோவாட். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் வந்தாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி அங்கே பொருத்தப்பட்டிருந்தது. பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் அந்நிலையம் பயன்பட்டது. இன்று அது இயங்கவில்லை. ஆயினும் அது கற்றுத்தந்த பாடங்கள் ஆய்வேடுகளில் வாழ்கின்றன. இயந்திரம் ஓய்வதும், அதனால் விளைந்தது அழிவதும் ஒன்றல்ல. வீட்டிலோ கடையிலோ பழைய கணினியை வைத்துக்கொண்டு, மாற்றவும் மனமின்றித் தொடரவும் அஞ்சி நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் இதுவே.

ஏன் இப்போது?

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கும் ஓய்வுக் காலம் வந்துவிடுகிறது. ‘ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?’ என்னும் கேள்வி நியாயமானதே. கணினி நிற்பதில்லை, அதன் காவல் நின்றுவிடுகிறது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க எவரும் வருவதில்லை.

இதன் விளைவை 2017 மே மாதத்தில் உலகம் கண்டது. ‘வானாகிரை’ என்னும் பிணைத்தொகை கேட்கும் தீநிரல், புதுப்பிக்கப்படாத கணினிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. திறப்பதற்கு 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் தடுமாறின. கேரளத்தில் வயநாட்டின் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. வங்கித் துறைக்கும் இதே விதிதான். 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பி, பல ஏ.டி.எம்.களில் தொடர்ந்து ஓடியதால், 2019 ஜூனுக்குள் அவற்றை மாற்றி முடிக்குமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் கெடு விதித்தது.

பற்று எங்கிருந்து வருகிறது?

கணினி என்பது கடனிலோ சேமிப்பிலோ வாங்கிய பண்டம் மட்டுமன்று. ஆயுதபூசையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டவர்கள் நாம். பிள்ளையின் முதல் விண்ணப்பத்தை அனுப்பியது அதுதான். வளைகுடா சென்ற மகனின் முகத்தை முதன்முதலில் காட்டியதும் அதுதான். எழுத்தழிந்த விசைகள்கூட எந்த விரல் எங்கே அதிகம் பட்டது என்பதைச் சொல்லும்.

வணிகவியல் பயின்றோருக்கு இங்கே ஒரு சுவையான கணக்குண்டு. வருமான வரி விதிகளின்படி கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறையில் கணக்கிடப்படுகிறது. 50,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி முதலாண்டு முடிவில் 30,000, பின்னர் 18,000, 10,800, 6,480, ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,888 ரூபாய். இம்முறையில் மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஒருபோதும் சுழியைத் தொடாது. கணக்கேடும் பழம்பொருளை முழுதாகக் கைவிட மறுக்கிறது போலும்! நம் மனம் எழுதும் ஏட்டிலோ, ஆண்டுதோறும் மதிப்பு ஏறுகிறது.

வங்கியாளர்களுக்கும் இப்பற்று புதிதன்று. கணினிமயமாக்கல் குறித்து ஊழியர் சங்கங்களுடன் 1983இல் உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டு ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. தடித்த பேரேடுகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போன நாள்களில், தம் கையெழுத்தால் நிறைந்த ஏடுகளைப் பிரிய மூத்த அலுவலர்கள் வருந்தியதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் பேரேட்டை மூடுமுன் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் புதிய இடத்துக்கு எடுத்தெழுதிச் சரிபார்த்தார்கள். வாடிக்கையாளரின் ஒரு ரூபாயும் வழியில் தொலையவில்லை என்று உறுதியான பின்னரே பழைய ஏடு ஓய்வு பெற்றது.

படகும் கணிச்சமும்

இவ்வூர் மீனவர்கள் கட்டுமரத்திலிருந்து ஒட்டுப்பலகை வள்ளத்துக்கும், அதிலிருந்து கண்ணாடியிழைப் படகுக்கும் மாறியவர்கள். கரையிலுள்ள மலை, கோபுரம், மரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்வைத்துக் கடலடிப் பாறையின் இருப்பிடத்தை அறியும் அவர்களது கலைக்குக் ‘கணிச்சம்’ என்று பெயர். படகு மாறியபோது கணிச்சம் மாறவில்லை. அது மீனவரின் நினைவில் இருந்தது. கணினியில் நிலைமை தலைகீழ். நம் நினைவே அதனுள் இருக்கிறது. அதனால்தான் கணினியைப் பிரிவது நினைவையே பிரிவதுபோல் தோன்றுகிறது. நினைவை முதலில் வெளியே எடுத்துவிட்டால் பிரிவு எளிதாகும்.

நம் கிளைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நாகர்கோவிலிலிருந்து மணமாகி இங்கு வந்தவர். மகன் புதிய மடிக்கணினி அனுப்பியும் பிரிக்காமலே வைத்திருந்தார். மறைந்த கணவர் 2009இல் வாங்கிய கணினியிலேயே ஓய்வூதியக் கணக்கையும் பார்த்துவந்தார். ‘ஆபத்து, டீச்சர்’ என்று நாம் சொன்னபோது, “அதை மாற்றிவிட்டால் அவர் எழுதியதெல்லாம் போய்விடுமே, சார்” என்றார். பத்தாண்டு வீட்டுக் கணக்கும், மகனுக்கு எழுதிய கடிதங்களும் அதிலிருந்தன. படியெடுத்துப் புதிய கணினியில் திறந்தபோது கணக்கு சரியாக வந்தது. கடிதங்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. அவர் முகம் வாடிவிட்டது. கடிதங்கள் அழியவில்லை, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை அவை. ஒருங்குறிக்கு மாற்றியதும் முதல் கடிதத்தின் முதல் சொல் தெளிவாக வந்தது: மகனின் செல்லப்பெயர். அதன்பின் புதிய கணினியில் வங்கிப்பணி செய்ய அவர் தயங்கவில்லை.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது, காப்புப் படிகள். ஒளிப்படம், ஆவணம், கணக்கு ஆகியவற்றை இரண்டு இடங்களில் படியெடுங்கள். ஒன்று வெளி வன்தட்டில், மற்றொன்று மேகச் சேமிப்பில் இருக்கலாம். படியெடுத்தால் மட்டும் போதாது. சில கோப்புகளைப் புதிய கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. பாமினி, டாம், டாப் போன்ற முறைகளில் எழுதிய தமிழ்க் கோப்புகளைப் பழைய கணினி கையில் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய கோப்புகளில் இச்சிக்கல் மிகுதி. பழைய மலையாள எழுத்துருக்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, வணிகக் கணக்கு. டாலி போன்ற மென்பொருளின் தரவைப் புதிய பதிப்பில் திறந்து, இருப்பாய்வின் இரு பக்கக் கூட்டுத்தொகையும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மின்கையொப்பச் சாதனம் புதிய கணினியில் இயங்குகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

நான்காவது, கடவுச்சொற்கள். பழைய உலாவியில் சேமித்தவற்றை நீக்கி, வங்கிக் கடவுச்சொல்லைப் புதிய கணினியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, வன்தட்டு. கோப்பை நீக்குவதும் சாதாரணமாக ஃபார்மேட் செய்வதும் போதா; நீக்கியவற்றை மீட்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. வன்தட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எஸ்.எஸ்.டி. வட்டாயின் தயாரிப்பாளர் தரும் அழிப்பு வசதியே உகந்தது. ஐயமிருப்பின் வட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மனமில்லாதவர்க்கு ஒரு வழி

பழைய கணினியை அனுப்ப மனம் வராதோர் வருந்த வேண்டியதில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு, பாட்டுக் கேட்கவும் பழைய படங்களைப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் மறுவாழ்வும் கிடைக்கும். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன. பற்றுக்கு நாம் தடை சொல்லவில்லை. புதுப்பிப்பு நின்ற இயங்குதளத்தின் வழியே பணம் மட்டும் போகவேண்டாம் என்கிறோம்.

அனுப்பத் துணிந்தோர் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மின்சுற்றுப் பலகையைத் திறந்தவெளியில் எரிக்கும்போது ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேரவேண்டும். கேரளத்தில் ஹரித கர்ம சேனை, க்ளீன் கேரள கம்பெனி ஆகியவற்றின் வழியே ஒப்படைக்க வழியுண்டு. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

எந்தக் கணினியானாலும் உங்கள் கணக்கில் நீங்கள் செய்யாத பரிமாற்றம் தென்பட்டால், உடனே உங்கள் கிளைக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

இம்மாதம் ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி, வீட்டிலுள்ள கணினியின் இயங்குதளம் எது என்று பாருங்கள். காலம் கடந்ததாயின், முதற்காரியமாகப் படங்களைப் படியெடுக்கத் தொடங்குங்கள். வழியில் எந்த இடத்தில் ஐயம் எழுந்தாலும் உங்கள் கிளைக்கு வாருங்கள். உடனிருந்து உதவ நாம் காத்திருக்கிறோம்.