தாலாட்டி ஓட்டினால் புகைதான் மிஞ்சும்!

திருவனந்தபுரத்து மோட்டார் ஒர்க்‌ஷாப்புகளில் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கிரீஸ் படிந்த கையோடு பிழைப்பு நடத்தும் தமிழர்கள் பலர். அவர்களுக்கு அடிக்கடி வந்து சேரும் பழி ஒன்று உண்டு. என்ஜினைப் பிரித்து, ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு அனுப்பிய இரண்டாம் மாதம் சொந்தக்காரர் திரும்பி வருவார். சைலன்ஸரில் நீலப் புகை. "இத்தனை ஆயிரம் வாங்கினீர்களே, ஆயிலைக் குடிக்கிறதே!" என்பார். ஆசானுக்குப் பதில் சொல்ல வாய் வராது. இரண்டாம் முறை பிரிக்கும் கூலி பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

ரிங்கின் இடைவெளியைச் சரியாக வைக்காத மெக்கானிக்கும் இருக்கிறார், இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பல சமயம் குற்றம் ஸ்பானர் பிடித்த கையில் இல்லை. முதல் நூறு கிலோமீட்டர் ஆக்ஸிலேட்டரில் இருந்த காலில் இருக்கிறது. அந்தக் கால் அதிகம் மிதித்ததால் அல்ல, போதிய அளவு மிதிக்காததால்!

அம்பாசடர், பியட் காலத்தில் புது என்ஜின் போட்ட வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டிக்கொண்டு, மாதக் கணக்கில் சுவாமி ஊர்வலம் போல ஓட்டுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் பலரை விடவில்லை. வேகம் வேறு, பாரம் வேறு என்பதை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. புது பேரிங்குக்கு அதிவேகச் சுழற்சி ஆகாது என்பது உண்மைதான். ஆனால் ரிங்குக்குப் பாரம் வேண்டும்.

காரணம் இதுதான். ரீபோர் செய்த சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகள் புது ரிங்கைத் தேய்த்துச் சுவரோடு பொருந்த வைக்கும். ரிங்கைச் சுவரில் அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. நன்றாக மிதித்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். மெதுவாகவே ஓட்டினால் ரிங் பொருந்துவதற்கு முன்பே சுவரில் ஆயில் வெந்து, கண்ணாடி போல் பளபளப்பு ஏறிவிடும். அதன் பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் பொருந்தாது. மறுபடி பிரித்து ஹோனிங் போடுவதே வழி.

முதல் இருபது நிமிடம்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும் வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். பிரிமியர் பத்மினியின் 1089 சி.சி. என்ஜின் போன்றவற்றில் கேம் புதிதானால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக்கூடாது. நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் இருபது நிமிடம் ஓட வேண்டும். கேமுக்கும் டேப்பெட்டுக்கும் ஆயில் தெறித்துத்தான் சேருகிறது; ஐடிலில் அது போதாது. சூடு ஏறுகிறதா, எங்கேனும் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது ஆசானின் வேலை. பிறகு அந்த ஆயிலை வடித்துவிட வேண்டும். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் இரும்புத் தூளைக் கண்டவர்கள், ஆயில் காசில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள். சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். அதன் வழுவழுப்பு ரிங் பொருந்துவதைத் தாமதப்படுத்தும் என்பது அனுபவசாலிகள் கருத்து. சாதாரண மினரல் ஆயிலே போதும்.

அடுத்தது சாலை. பாறசாலை, களியக்காவிளை வழியாக ஊருக்குப் போகும் பழைய சாலை இதற்கு உதவாது. பத்தடிக்கு ஒரு பிரேக். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் வழியாகக் காரோடு செல்லும் பைபாஸில் விடியற்காலையில் இறங்கலாம். மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 வரை நன்றாக மிதித்து ஏற்ற வேண்டும். பிறகு காலை எடுத்துவிட்டு, பிரேக்கும் கிளட்சும் தொடாமல் என்ஜினாலேயே வேகம் தணிய விட வேண்டும். தணியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துத் தூளைக் கழுவும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. டாப் கியரில் திணறவிடுவதும், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதும் கூடாது. 22 கொண்டை ஊசி வளைவுள்ள பொன்முடிக்கு ஆசை இருந்தால், ஐந்நூறு கிலோமீட்டர் கழியட்டும்.

பந்தயக்காரர்கள் வழி

பந்தயக் கார்க்காரர்களுக்கு ஊர்வலம் விட நேரம் ஏது? என்ஜினை டைனமோமீட்டர் மேடையில் ஏற்றி, பாரம் கொடுத்து, சில மணி நேரத்தில் ரிங்கைப் படியவைப்பது அவர்கள் வழக்கம். நம்மவருக்கும் இந்தக் கலை அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. முடுக்கிவிட்ட பியட்டுகள் அங்கே சீறின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. கோவை கரிவர்தன், மாருதி 800இன் 796 சி.சி. என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நாற்பது குதிரைத் திறனுக்குட்பட்ட குடும்பக் கார் என்ஜின் அது! 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்தப் பார்முலா மாருதியில் ஓட்டியவரே. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் காலமானார். செட்டிப்பாளையத்து ஓட்டப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடுக்கும் வேலையை ரிங் படிந்த பிறகே தொடங்க வேண்டும். அதற்கு முன் கம்ப்ரஷன் தினம் ஒரு அளவு காட்டும். அளவுமானியில் சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் கார்புரேட்டரைத் தொடலாம். நல்ல பாரத்தில் ஓட்டி, சட்டென்று சுவிட்சை அணைத்து, ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளங்காப்பி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பிஸ்டனே உருகும் அபாயம் உண்டு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

இங்கே புதிதாக ஒரு சங்கதி. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டருக்கு இதில் கலவை தானாகவே வெளுக்கும். பழைய ஜெட் அளவை நம்பினால் மோசம். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றுவது உத்தமம். இதன் ஆக்டேன் அதிகம் என்பது ஒரு லாபம். ஹெட்டை ஃபேஸிங் செய்து கம்ப்ரஷனை உயர்த்தியவர்களுக்கு 'டக் டக்' என்ற தட்டல் சற்றுக் குறையும்.

சொசைட்டியில் கடன் வாங்கி என்ஜின் வேலை செய்தவர், முதல் ஓட்டத்தை ஆசானிடமே விட்டுவிடலாம்; கூட உட்கார்ந்து போனால் போதும். செலவு கொஞ்சம் பெட்ரோல். பிறகு ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் பில்டரும் மாற்றி, ஹெட் நட்டுகளை முறுக்கிப் பார்த்து, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இந்தத் தேதிகளை ரசீதின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை புகை வந்தால், யார் கணக்கில் வந்த புகை என்று இருவருக்கும் தெரியும்.