மலையேறி வந்த உத்தியோகம் – 7: கடைசி வரி

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளாய்ச் சுற்றி ஏறும் மலைப்பாதையில், மிளகும் பலாவும் இறங்கிப் போவதும் உப்பும் துணிமணியும் ஏறி வருவதுமாக இருந்த செம்மேட்டில், 2020 மார்ச் மாதத்து ஊரடங்கின் பயனாக உத்தியோகமே ஏறி வந்து உட்கார்ந்துகொண்ட விசித்திரத்தைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அது இறங்கிப் போகவிருக்கிற கதை இது.

வல்வில் ஓரி சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் தங்கையின் வீடு. அங்கே ஜன்னலோரத்தில், மிளகு அள்ளும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் மோடத்தை வைத்து, பக்கவாதத்தில் படுத்திருக்கும் தகப்பனாருக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே, சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையைத் தங்கை மகள் செய்து வந்தாள். போன வாரம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் மாதத்தில் 12 நாட்கள் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது உத்தரவு. இதற்கா இத்தனை விசனம் என்று நான் கேட்டபோது, அவள் கடைசி வரியைக் காட்டினாள். தேவைக்கேற்ப இந்த நாட்கள் மாற்றப்படலாம் என்றிருந்தது.

"பன்னிரண்டு நாளுன்னா போயிடுவேன் மாமா. அது எப்ப இருபதாகும்னு தெரியாம அப்பாவுக்கு ஆள் வைக்கிறதா, பேப்பர் போடுறதா?"

இந்தச் சந்தேகம் அவளுக்கு மட்டும் உரியதன்று. 2025-க்குள் ஊழியரில் நூற்றுக்கு 25 பேர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்று 2020-இல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபர் முதல் வாரம் 5 நாட்களும் வரச் சொல்லியது. மறு வருஷம், வருகை 60 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தக் காலாண்டின் வேரியபிள் பே கிடையாது என்று ஸ்வைப் கார்டைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டது. அமெரிக்காவில் அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரி 2 முதல் 5 நாள் வருகையைக் கட்டாயமாக்கியது.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் தொழில், திரை வழியே அரைகுறையாகத்தான் கைக்கு வருகிறது. ஆனால், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்கிற அனுபவ பாத்தியதையில் ஒன்று சொல்வேன்: நாற்காலி நிரம்பியிருப்பதைப் பார்ப்பதில் மேலதிகாரிக்கு உண்டாகும் திருப்திக்கும், அந்த நாற்காலியில் நடக்கும் வேலைக்கும் சம்பந்தம் சொற்பமே. சீனத்து டிரிப்.காம் கம்பெனியில் 1,612 பேரை வைத்து நிக்கோலஸ் புளூம் முதலியோர் நடத்தி, 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரம் 2 நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலைத் திறனும் பதவி உயர்வும் குறையவில்லை. ராஜிநாமாதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்வதை உரிமையாக்கும் சட்டம் நம் தேசத்தில் இல்லை. ஆகவே, அழைக்கும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது. அழைக்கட்டும், ஆனால் எத்தனை நாள், எந்தத் தேதி வரை என்பதை எழுதிக் கொடுத்து, அதற்குள் மாற்றுவதில்லை என்று கையெழுத்திட்டு அழைக்கட்டும். தகப்பனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்துகிறவளுக்கும், காய் பழுக்கும் பருவத்தில் மிளகு பறிக்கக் கூலிக்குச் சொல்லி வைக்கிறவளுக்கும் வேண்டியது கருணை அன்று, ஒரு தேதி.

நாமக்கல் இறங்கி, சேலம் போய், ரயில் பிடித்துச் சென்னை சேர அவள் சீட்டு எடுத்துவிட்டாள். வேளச்சேரியில் ஒரு விடுதிக் கட்டிலுக்கு முன்பணமும் அனுப்பியாயிற்று. கூடைமேல் இருக்கும் மோடத்தின் இணைப்பை மட்டும் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.

(தொடரும்)